தரை போடுவதற்கு முன்

தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே பல வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "இந்த ஆண்டாவது தரையை மாற்றிவிடலாம்." சுவருக்குச் சாயம் பூசுவது இரண்டு நாள் வேலை. நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறு நிறம் பூசிக்கொள்ளலாம். தரை அப்படிப்பட்டதன்று. ஒட்டிய ஓடுகளைப் பெயர்க்க உளியும் சுத்தியலும் வேண்டும். மறுபடியும் அதே அளவு பணமும் வேண்டும். அதனால், தரை வேலையின் பெரும்பகுதி முதல் ஓடு பதிக்கப்படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பேராக் மாநிலத்தின் வடக்கே, நெல் வயல்கள் சூழ்ந்த பாரிட் புந்தாரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய வரிசை வீடு, ஒற்றை மாடி. வரவேற்பறையில் சிமெண்டுத் தரை, அதன்மேல் 'திக்கார் கெத்தா' விரிப்பு. சமையலறையில் பழைய ஓடுகள். பாட்டி, பெற்றோர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள் அங்கு வசிக்கின்றனர்.

கடைக்குப் போனவுடன் கண் நிறத்தைத்தான் தேடும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தத் தரையில் யார் நடப்பார்கள்? எங்கே தண்ணீர் சிந்தும்? மெருகேற்றிய ஓடு கடை விளக்கில் கண்ணாடிபோல் மின்னும். அதுவே குளியலறையில் ஈரமானால் பாட்டியின் கால் நிற்காது. முதியோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் பழையபடி நடப்பது எளிதன்று. ஓடுகளின் வழுக்காத் தன்மையை ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். குளியலறைக்கு ஆர் 10 அல்லது அதற்கு மேற்பட்டதைக் கேட்டு வாங்குவது நல்லது. விற்பனையாளர் தாமாகச் சொல்லாவிட்டாலும் கேட்கலாம்.

பொருள்களைப் பொறுத்தவரை, மரத்தரை அழகாக இருக்கும். ஆனால் நம் நாட்டில் கறையானும் ஈரப்பதமும் அதற்குப் பகை. லெமினேட் பலகைகளில் நீர் தேங்கினால் ஓரங்கள் உப்பிவிடும். வினைல் பலகை காலுக்கு இதமானது, விரைவில் போடலாம். அடித்தரை மேடு பள்ளமாக இருந்தால் அது மேலே தெரியும். போர்சலின் ஓடு கடினமானது. தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. வெள்ளமும் கனமழையும் பழகிப்போன ஊர்களில் பலர் அதையே தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை.

அடுத்து, அடித்தரையைப் பார்க்க வேண்டும். விரிப்பைச் சுருட்டினால் சில வேளைகளில் கருமையான ஈரத்திட்டுகள் தெரியும். ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். 45 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தாளை வெறும் சிமெண்டின்மேல் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக்கமாக ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தால் நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் வீண்.

சமையலறையில் பழைய ஓடுகளை உடைக்காமல் அவற்றின் மேலேயே புதியவற்றை ஒட்டலாம்; செலவும் தூசியும் குறையும். ஆனால் ஓடும் பசையும் சேர்ந்து தரையை ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் உயர்த்திவிடும். கதவின் அடிப்பகுதியை அறுக்க நேரலாம். அதைவிட முக்கியம், வாசலில் முன்பு இல்லாத ஒரு சிறு படி உருவாகிவிடும். இரவில் தண்ணீர் குடிக்க எழும் பாட்டிக்கு அந்தப் படி பழக்கமில்லை.

இனி அளவு. பலர் தவறுவது இங்கேதான். வரவேற்பறை 20 அடி நீளம், 12 அடி அகலம் என்றால் பரப்பளவு 240 சதுர அடி. 60 செ.மீ. சதுர ஓடு ஒன்றின் பரப்பு சுமார் 3.88 சதுர அடி. வகுத்தால் 62 ஓடுகள். உடைசலுக்கு 10 விழுக்காடு கூட்டினால் 69. கணக்கு சரிதான், ஆனால் அறை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. 12 அடி என்பது 366 செ.மீ. ஆறு முழு ஓடுகள் போட்டால் 6 செ.மீ. மிச்சமாகும், சுவரோரம் விரல் நீளத்தில் ஒரு துண்டு ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கவும் அழகில்லை, வெட்டும்போதும் உடையும். அனுபவமுள்ள கொத்தனார் நடுவில் ஐந்து முழு ஓடுகளை வைத்து, இரு பக்கமும் ஏறத்தாழ 33 செ.மீ. துண்டுகளைப் போடுவார். வெட்டியபின் எஞ்சுவது 27 செ.மீ.; அது மறுபக்கத்துக்குப் போதாது. எனவே அகலவாக்கில் ஒரு வரிசைக்கு 7 ஓடுகள் செலவாகும். நீளவாக்கிலும் இதே முறையில் 11 வரிசைகள் வரும். மொத்தம் 77. பரப்பளவுக் கணக்கைவிட 8 கூடுதல்!

குறைந்த எட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஓடுகள் சூளையிலிருந்து தொகுதி தொகுதியாக வருகின்றன. தொகுதிக்குத் தொகுதி நிறம் சற்றே மாறும். பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண் ஒன்றாக இருக்கும்படி ஒரே முறையில் வாங்குவதே பாதுகாப்பு. பெட்டிக்கு நான்கு என்றால் 20 பெட்டிகள், அதாவது 80 ஓடுகள். கட்டமிட்ட தாளில் அறையை வரைந்து இந்தக் கணக்கைப் போட, வீட்டிலுள்ள மாணவரே போதும்.

பதிக்கும்போதும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சில வீடுகளில் சில ஆண்டுகளுக்குப்பின் திடீரென்று பெருஞ்சத்தத்துடன் ஓடுகள் கூரைபோல் எழும்பி நிற்பதுண்டு. பேய் பிசாசு என்றுகூடச் சிலர் அஞ்சுவர். காரணம் எளிது. வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஓடுகள் சிறிது விரிகின்றன. கான்கிரீட்டோ காலப்போக்கில் சுருங்குகிறது. இடைவெளியே விடாமல் சுவரோடு நெருக்கிப் பதித்திருந்தால், விரிய இடமின்றி ஓடுகள் ஒன்றையொன்று தள்ளி மேலெழும்பும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் சாந்து வைத்து ஒட்டியிருந்தால் இன்னும் எளிதாகக் கழன்றுவிடும். ஆகவே ஓடுகளுக்கிடையில் மெல்லிய இடைவெளியும், சுவரோரத்தில் இன்னும் சற்றுக் கூடுதலான இடைவெளியும் வேண்டும். சுவரோர இடைவெளியை அடிச்சுவர்ப்பட்டி மறைத்துவிடும். பசை காய்ந்தபின் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்க்கலாம். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால் அடியில் காலியாக இருக்கிறது.

குளியலறை என்றால் நீர்ப்புகாப் பூச்சுப் பூசி, வடிகாலை அடைத்து, ஒரு நாளாவது நீரைத் தேக்கிக் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஓடுகள் பதிக்க வேண்டும். ஓடுகளை நீர் ஊற்றி வெட்டச் சொல்வதும் நல்லது. அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்; அதை அதிகம் சுவாசிப்பவர் வேலை செய்பவரே.

இவையெல்லாம் குத்தகையாளர் தரும் விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும்: பழைய ஓடுகளை அகற்றி ஏற்றிச் செல்வது யார், கதவை அறுப்பது யார், பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு. முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தீபாவளி நெருங்கினால் நல்ல கொத்தனார்கள் கிடைப்பதும் அரிது. சிமெண்டுப் பூச்சு உலரவும் நாள் பிடிக்கும்.

வேலை முடிந்து எஞ்சிய ஓடுகளை எறிந்துவிடாமல், தொகுதி எண் தெரியும் பெட்டியோடு மாடிப்படியின் கீழோ பின்கட்டிலோ வைத்துவிட வேண்டும். பத்து ஆண்டு கழித்து ஒரு குழாயைப் பழுதுபார்க்கத் தரையை உடைக்க நேர்ந்தால், அதே நிற ஓடு எந்தக் கடையிலும் இருக்காது.