முற்றத்துக்கு அழகு தரும் பனையினம்



லிங்கநகரில் எனது வீட்டு வாயிலில் முன்னர் ஓர் அரசபனை நட்டிருந்தேன். நான்காம் ஆண்டில் அது மாண்டது. அடிமரம் பருத்தே நின்றது, வேரும் கெடவில்லை. நடுக்குருத்து மாத்திரம் அழுகியிருந்தது. பிழை என்னுடையதே. அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

மாவையும் வேம்பையும் வெட்டினால் அவை பக்கங்களில் தழைக்கும். தென்னை, கமுகு, அரசபனை போன்ற தனித்தண்டுப் பனையினங்களுக்கோ உச்சியில் ஒரேயொரு வளர்முனைதான் உண்டு. அது கெட்டால் மரம் இல்லை. தண்டிற்பட்ட காயமும் மூடிக்கொள்வதில்லை.

பண்டிகைக்கு முற்றம் துப்புரவாயிருக்க வேண்டுமென்று பச்சை மட்டைகளை நான் வெட்டுவித்தேன். வெட்டுவாயின் மணத்தை நாடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிட்டது. புழு உள்ளே குடைந்து குருத்தை அழித்தது. முதிர்ந்த மட்டையை அரசபனை தானாகவே கழற்றிவிடும் என்பதை நான் அன்று அறியேன். ஆதலால், பழுத்துக் காய்ந்த ஓலையையன்றிப் பச்சையோலையைத் தொடாதீர்கள். தண்டில் ஆணி அடிக்காதீர்கள். எருக்குவியலை அருகில் வைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு அதிலேதான் பெருகும்.

எமது திருகோணமலையில் நடுகைக்கு உகந்த காலம் ஐப்பசி மழையின் தொடக்கமாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு முன் வேர் ஊன்றிவிடும். முதலிரண்டு கோடைகளிலும் தவறாது நீர் வார்த்து, அடியிற் சருகு பரப்புதல் வேண்டும். அரசபனை இருபது மீற்றர் வரை உயரும். பாரமான மட்டைகளை உதிர்க்கும். கூரைக்கும் மின்கம்பிக்கும் விலகியே அதனை நடுக. மடகாஸ்கரிலிருந்து வந்த மஞ்சள் தண்டுக் கமுகு புதராக வளர்வது. உப்புக்காற்றுப் படாத அரைநிழல் அதற்கு ஏற்றது.

அழகுக்கு அயல்நாட்டு மரமே வேண்டுமென்பதும் இல்லை. பேராதனைப் பூங்காவில் அரசபனைச் சாலை 1950இல் நாட்டப்பட்டது. அதற்கு முன்னரே, 1887இல், அங்கே எமது கரும்பனைக்கும் ஒரு சாலை அமைத்தார்கள். போர்க்காலத்தில் அரண்களுக்காகப் பெருந்தொகையாக வெட்டுண்ட மரம் அது. உப்புக்காற்றையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் பிடுங்கி நடுதல் அரிது; அதன் முளை நிலத்துள் ஆழ இறங்குவதைப் பனங்கிழங்கு தோண்டிய யாவரும் அறிவர். நிற்க வேண்டிய இடத்திலேயே விதையை ஊன்றுக.

அரசபனை நின்ற குழியருகே இப்பொழுது ஒரு வடலி நிற்கின்றது. அதன் ஓலையை நான் வெட்டுவதில்லை.