பிறர் கைக்குத் துளைத்த பந்து

மனிதன் ஆக்கிய கருவிகள் பலவும் கையை நோக்கியே ஆக்கப்பட்டவை. ஆயினும் மண்வெட்டி, கத்தி, எழுதுகோல் முதலியவை எவர் கைக்கும் ஓரளவு இசைந்து போவன. அயலவரின் மண்வெட்டியை இரவல் வாங்கி ஒருநாட் பொழுதை ஓட்டிவிடலாம். கைக்குள் அடங்குவதோடு அமையாது, கையின் மூன்று விரல்களையும் தன்னுள்ளே வாங்கிக்கொள்ளும் கருவி ஒன்று உண்டு. அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பி ஆடும் பௌலிங் ஆட்டத்தின் பந்தே அது. ஒருவர் கைக்கென அளவெடுத்துத் துளைக்கப்பட்ட அப்பந்து மற்றொருவர் கைக்கு மாறும்போது எழும் சிக்கல் யாது? அதனைத் தீர்க்கும் வழி யாது? வினாக்கள் சிறியவையே. எனினும் கைக்கும் கருவிக்கும் உள்ள உறவுபற்றிய உண்மை ஒன்று இவற்றுள் அடங்கியிருக்கின்றது.

ஆட்டமும் பந்தும்

பௌலிங் என்றதும் கிரிக்கெட்டின் பந்துவீச்சை நினைத்தல் வேண்டா. இது வழுவழுப்பான தளத்தின்மேற் பந்தை உருட்டி, 60 அடிக்கு அப்பால் முக்கோணமாக நிறுத்திய பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம். 1895 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் தோன்றியபின் இதன் விதிகள் ஒழுங்குபெற்றன. பந்தின் குறுக்களவு ஏறத்தாழ எட்டரை அங்குலம். நிறை 16 இறாத்தலுக்கு மேற்படலாகாது. தொடக்கத்தில் 'லிக்னம் வைற்றே' எனப்படும் மிகக் கடினமான மரத்தில் இப்பந்துகளைக் கடைந்தனர். 1905 இல் வன்றப்பர்ப் பந்து சந்தைக்கு வந்தது. பின்னர் பிளாஸ்ரிக்கும், 1980களில் யூரித்தேனும், 1990களில் எண்ணெய் பூசிய தளத்தைப் பற்றிக்கொள்ளும் புதிய பிசின்வகைகளும் வந்தன.

பொருள் எத்தனை மாறினும் துளையின் தேவை மாறவில்லை. பெருவிரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று, மோதிரவிரலுக்கு ஒன்று என மூன்று துளைகள். தேர்ந்த ஆட்டக்காரர் தம் கையை அளப்பித்து, அவ்வளவுக்கே துளையிடுவிக்கின்றனர். அவர் வேறு பந்துக்கு மாறும்போது பழையது குறைந்த விலைக்கு விற்பனைக்கு வருகின்றது. மாணவரும் சிறுவருவாயினரும் அதனை விரும்பி வாங்குகின்றனர். பந்தில் தேய்வு அதிகம் இராது, நிறமும் நன்றாயிருக்கும். ஆனால் அதன் மூன்று துளைகளிலும் முன்னவர் கையின் அளவு உறைந்து கிடக்கும்.

பெருவிரலின் முறையீடு

துளை தளர்ந்திருந்தால் பந்து நழுவிவிடும் என்னும் அச்சம் பிறக்கின்றது. அச்சம் பிறந்ததும் ஆட்டக்காரர் தம்மை அறியாமலே பெருவிரலின் கணுவை மடக்கித் துளையின் சுவரை இறுக்கிப் பற்றுகின்றார். விரல் இறுகவே முன்கைத் தசைகளும் இறுகுகின்றன. ஊசல்போலத் தன்போக்கில் ஆடவேண்டிய கை விறைத்துவிடுகின்றது. துளை ஒடுங்கியிருந்தாலோ துன்பம் வேறு வகையினது. பந்தை விடவேண்டிய கணத்திற் பெருவிரல் சிக்கிக்கொள்கின்றது. தளத்தில் மெல்லென இறங்கவேண்டிய பந்து காற்றில் எழுந்து சென்று தொம்மென விழுகின்றது. மணிக்கட்டு நோகின்றது.

இவ்வாறு நேரும்போது புதிய ஆட்டக்காரர் பலரும் தம்மையே குறைகூறிக்கொள்கின்றனர். 'என் கைக்கு வலிமை போதாது', 'எனக்கு இவ்வாட்டம் வாராது' என்பர். மேலும் மேலும் பழகினாற் சரியாகும் என எண்ணி, பொருந்தாத பந்தோடு மாதக்கணக்கிற் போராடுவோரும் உளர். இதன் விளைவு காய்ப்பு ஏறுதலோடு நின்றுவிடுவதில்லை. பெருவிரலின் ஓரமாகச் செல்லும் நரம்பு துளையின் விளிம்பில் இடையறாது உராய்வதால், அதனைச் சூழ நாரிழையம் தடித்து வளர்கின்றது. விரல் மரத்துப்போகின்றது, தொட்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல வலி எழுகின்றது. மருத்துவ நூல்கள் இந்நோய்க்குப் 'பௌலர் பெருவிரல்' என்றே பெயரிட்டுள்ளன. சிலகாலம் ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கொள்ளுதலும், பந்தின் துளையை மாற்றியமைத்தலும் இதற்கு முதலிற் கூறப்படும் பரிகாரங்கள். நோய் கையில் இருப்பினும் அதன் காரணம் பந்தில் இருக்கின்றது என்பதை மருத்துவரே ஒப்புக்கொள்வது கவனிக்கத்தக்கது.

மூவகை அளவுகள்

பந்து கைக்குப் பொருந்துகின்றதா என அறிய மூன்றினை நோக்குதல் வேண்டும். முதலாவது, பெருவிரற்றுளையின் விளிம்பிலிருந்து மற்றைய விரற்றுளைகளின் விளிம்புவரை உள்ள தூரம். இதனைப் பிடியகலம் எனலாம். நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாம் கணுவரை உட்செல்லும் பழைய பிடியில் இதனைச் சோதித்தல் எளிது. பெருவிரலை முழுவதும் உட்செலுத்தி, மற்றை இரு விரல்களையும் துளைகளின்மேல் இயல்பாகப் படரவிட வேண்டும். இரண்டாம் கணுவின் ரேகை துளையின் அண்மை விளிம்பைக் கடந்து ஏறத்தாழ கால் அங்குலம் சென்றிருப்பின் அகலம் சரி. விரல்களை உட்செலுத்தியபின் உள்ளங்கைக்கும் பந்துக்கும் இடையே ஒரு பென்சில் நுழையுமளவு வெளி இருத்தல் மற்றோர் அடையாளம். நுனிவிரற் பிடியில் விரல்கள் முதற்கணுவரையே செல்வதால் அகலம் கூடும். ஆகவே ஒரு பிடிக்கெனத் துளைத்த பந்து மறுபிடிக்கு உதவாது.

இரண்டாவது, துளையின் பருமன். பெருவிரல் தடையின்றி வெளிவர வேண்டும். ஆயினும் சுற்றிலும் துளைச்சுவரை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, துளையின் சாய்வு. புதியவர் கண்ணுக்கு இது புலப்படாது. துளை பந்தின் மையத்தை நேரே நோக்கினாற் சாய்வில்லை. அதன் அடி உள்ளங்கையின் கீழாகச் சென்றால் முன்சாய்வு. உள்ளங்கையை விட்டு விலகிச் சென்றாற் பின்சாய்வு. முன்சாய்வு பெருவிரலைச் சற்று நேரம் பிடித்துவைக்கும். பின்சாய்வு விரைந்து விடுவிக்கும். இங்கே எட்டிலொரு அங்குல வேறுபாட்டையும் விரல் உணர்ந்துவிடும். இடக்கையினர் இன்னும் ஒன்றை நோக்க வேண்டும். வலக்கையினர் பந்தில் நடுவிரலின் இடமும் மோதிரவிரலின் இடமும் அவர்க்கு மாறிக் கிடக்கும்.

பழையதைத் தமதாக்கல்

பாவித்த பந்தை வாங்குமுன் வெடிப்பு உண்டோ எனத் தேடுதல் முதற்கடன். இரு விரற்றுளைகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பகுதியிலேயே பெரும்பாலும் வெடிப்புத் தோன்றும். நிறையை அடுத்து நோக்க வேண்டும். ஏனெனில் துளையைத் திருத்தலாம், நிறையைத் திருத்தல் இயலாது. நான்காவது துளை ஒன்று காணப்படலாம். பந்தின் சமநிலைக்காக முன்னாளில் இட்ட அத்துளையை அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் வழிவந்த சங்கம் 2020 ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் விலக்கிவிட்டது. சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஆடவிரும்புவோர் அதனை அடைப்பித்தல் வேண்டும்.

குறை சிறிதாயின் பரிகாரமும் சிறிதே. துளை ஒடுங்கியதாயின் அகலிக்கலாம். விளிம்பு கூரியதாயின் அரத்தாள் கொண்டு மழுக்கலாம். தளர்ந்ததாயின் உட்சுவரில் ஒட்டுநாடாத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டலாம். விரற்றுளைகளுக்கு றப்பர்க் குழாய்களைச் செருகலாம். ஒட்டுநாடாவில் நுட்பம் ஒன்று உண்டு. ஆட ஆடப் பெருவிரல் வீங்குகின்றது. வெப்பமும் ஈரமும் அதன் பருமனை மாற்றுகின்றன. எனவே அறிந்தோர் துளையைச் சற்றுப் பெரிதாக வைத்து, விரல் பருக்கும்போது ஒரு துண்டை உரித்தும், மெலியும்போது ஒன்றை ஒட்டியும் கொள்கின்றனர். கையும் நாள்முழுவதும் ஒரே கையாக இருப்பதில்லை என்பதை இவர்கள் நன்கு உணர்ந்தவர்கள்.

பிடியகலமோ சாய்வோ பிழையாயின் ஒட்டுநாடா உதவாது. அப்பொழுது பழைய துளைகளைச் சுத்தமாக்கி, திரவப் பிசினை வார்த்து நிரப்பி, ஏறத்தாழ ஒருநாள் இறுகவிட்டு, மேற்பரப்போடு ஒப்பச் செதுக்கித் தேய்ப்பர். அதன்பின் புதியவர் கையை அளந்து புதிதாகத் துளையிடுவர். சிலர்க்குப் பெருவிரற்றுளை ஒன்றை மட்டும் அடைத்து மாற்றினாலே போதும். இக்கூலியைச் சேர்த்துப் பார்க்குமிடத்து எளிய புதுப்பந்து ஒன்றின் விலை ஆகிவிடுமாயின் பழையதை வாங்குவதிற் பயனில்லை. மலிவின் கணக்கு, கையின் கணக்கையும் சேர்த்தே பார்க்கப்படல் வேண்டும்.

சராசரிக் கை எங்கே?

ஆட்டக்கூடங்களில் எவரும் எடுத்து ஆடுவதற்கென அடுக்கி வைத்த பொதுப்பந்துகள் உண்டு. அவை 'சராசரிக் கை'க்குத் துளைக்கப்பட்டவை. அத்தகைய கை உலகில் உண்டோ? அமெரிக்க விமானப்படை 1950 இல் விமானிகளின் உடலளவுகளை எடுப்பித்தது. அவ்வேலையில் ஈடுபட்ட கில்பேட் டானியல்ஸ், தம் மாணவப் பருவத்தில் ஹாவாட் பல்கலைக்கழக மாணவர் 250 பேரின் கைகளை அளந்து, அவை ஒன்றையொன்று ஒவ்வாமையைக் கண்டவர். அவர் 4,063 விமானிகளின் அளவுகளை ஆராய்ந்து 1952 இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. எடுத்துக்கொண்ட பத்து அளவுகளிலும் சராசரிக்கு அண்மையாக அமைந்தவர் ஒருவரேனும் இலர். விமானியின் இருக்கையை ஆளுக்கேற்ப நகர்த்தி அமைக்கும் வழக்கத்துக்கு இவ்வாராய்ச்சி துணைசெய்தது.

துளையிடுவோன் பட்டறையிலும் இதே பாடந்தான். அங்கு வருபவரை நோக்கி 'பந்துக்கேற்பக் கையைப் பழக்கிக்கொள்' என்று அவன் கூறுவதில்லை. கையை நீட்டச் சொல்லி அளவெடுக்கின்றான். வகுப்பறையில் வலக்கைக்கென ஆக்கிய கத்தரிக்கோலோடு தடுமாறும் இடக்கைப் பிள்ளையையும், காலெட்டாத வாங்கில் அமர்ந்து நெளியும் பிள்ளையையும் மந்தமென்று கூறுமுன், ஆசிரியரும் இவ்வழக்கத்தை நினைவு கொள்ளலாம். குறை பிள்ளையின் கையிலோ, கையிற் கொடுத்த பொருளிலோ என முதலில் அளந்து பார்த்தல் நன்று.

பலர் கைமாறிய பந்து ஒன்றை உற்று நோக்கினால், அடைத்த துளைகள் நிறம் வேறுபட்ட வட்டங்களாக அதன்மேற் பதிந்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு வட்டமும் ஒருவரின் கை. அவற்றின் அருகே புதிதாக வெட்டிய மூன்று துளைகளுள் இப்போதைய ஆட்டக்காரரின் விரல்கள் அமைதியாக இறங்கும். பற்றவேண்டிய அவசியமில்லாமல் பந்து கையில் தங்கும். விடவேண்டிய கணத்தில் தானே விட்டுச்செல்லும்.