நன்னடத்தைக் கண்காணிப்பு

சிங்கப்பூரில் கடைத் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும், பிடிபட்ட 17 வயது இளையரை நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கலாம். “தப்பித்துவிட்டான்!” என நண்பர்கள் எண்ணக்கூடும். உண்மையில், திருட்டுக்கான தண்டனை இன்னும் விதிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

கண்காணிப்பு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை நீடிக்கும். அக்காலத்தில் அவர் நன்னடத்தை அதிகாரியைத் தவறாமல் சந்திக்க வேண்டும். இரவில் குறித்த நேரத்திற்குள் வீடு திரும்பவும் சமூக சேவை செய்யவும் உத்தரவிடப்படலாம். பதின்ம வயதினருக்கு இந்த நேரக் கட்டுப்பாடே பெரும் சோதனை.

நிபந்தனையை மீறியவர் மீண்டும் நீதிமன்றத்தில் நிற்க நேரிடும். மீறலுக்கு அபராதம் விதிக்கப்படலாம். அல்லது பழைய திருட்டுக்கே தண்டனை அளிக்கப்படலாம். அஞ்சி ஒளிந்துகொண்டால் கைதாணை பிறப்பிக்கப்படலாம். அப்படிப் பிடிபட்டவருக்கு இன்னொரு வாய்ப்பளிக்க நீதிபதி தயங்குவார்.