இருட்டுக்குள் தெரியும் நிறம்
தங்கவயல் முகங்கள் – 14

1879 ஏப்ரலில், பெல்ஜியத்தின் போரினாஜ் பகுதியிலுள்ள மார்காஸ் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் இறங்கினார். ஆழம் 700 மீட்டர். ஆறு மணி நேரம் உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். அப்போது அவர் ஓவியர் அல்ல. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேதம் சொல்ல வந்த பிரசங்கியார். பெயர் வின்சென்ட் வான்கோ.

நம் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு 700 மீட்டர் ஒரு பொருட்டாகத் தெரியாது. நமக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. துணிமணியைக்கூட ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவர்களைப் போலவே குடிசையில் கிடந்த பிரசங்கியாரைச் சபைக்குப் பிடிக்கவில்லை, வேலை போயிற்று. 1880-ல், அதே சுரங்கப் பகுதியில் இருந்துகொண்டுதான், இனி ஓவியம்தான் என்று முடிவெடுத்தார். எடுத்ததும் என்ன செய்தார்? பிரெஞ்சு ஓவியர் மிலேயின் அச்சுப் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வரைந்தார். கண்ணெதிரே சுரங்கத் தொழிலாளர்கள், கைக்குப் பழக்கம் தர மிலே. ஐந்து வருடம் கழித்து, 1885-ல், ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ வந்தது. இருண்ட அறை, மேலே தொங்கும் ஒரே ஒரு விளக்கு, சுற்றிலும் ஐந்து பேர். இருட்டில் ஒற்றை வெளிச்சத்தை வைத்து முகத்தை எழுப்பும் அந்த வித்தையை ரெம்பிராண்ட் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார். ஆனால் அந்த ஐந்து முகங்கள் ரெம்பிராண்டிடம் கிடையாது. அவை வான்கோ போய் உட்கார்ந்த வீட்டில் இருந்தவை.

இதே வேலையை நம் காலத்தில், நம் மொழி பேசும் நிலத்தில் செய்தவர் ஓவியர் எஸ். இளையராஜா. 1979-ல் கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் பிறகு சென்னைக் கவின்கலைக் கல்லூரியிலும் படித்தார். ‘திராவிடப் பெண்கள்’ வரிசைதான் அவர் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோனது. பத்திரிகையில் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் பலரும் முதலில் புகைப்படம் என்றே நினைத்தார்கள். கொரோனா 2021 ஜூனில் அவரைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் எவ்வளவோ வரைந்திருக்க வேண்டிய கை.

‘அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்கிறது’ என்ற பாராட்டு அவருக்குப் போதாது. அந்தப் படங்களில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு கதவு, அல்லது ஒரு சன்னல். ஒரு கன்னத்தில் வெளிச்சம் பட்டு, மறு கன்னம் மெல்ல மெல்ல நிழலுக்குள் இறங்கும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர், பால் ஊற்றும் பணிப்பெண்ணை வரைந்தபோது சன்னலை இப்படித்தான் பயன்படுத்தினார். அரசியை வரைகிற கவனத்தோடு ஒரு வேலைக்காரியை வரைந்தவர் அவர். அந்தக் கவனம்தான் இளையராஜாவின் அடுப்படிப் பெண்களிடமும் இருக்கிறது.

வெர்மீருக்கு இல்லாத ஒரு சிக்கல் இவருக்கு இருந்தது: கறுத்த தோல். கறுப்பை அப்பினால் முகம் செத்துப்போகும். காவி, அடர்பழுப்பு, கொஞ்சம் சிவப்பு என்று மெல்லிய பூச்சாக ஏற்றி, காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும். வானத்து வெளிச்சம் படுகிற நெற்றியிலும் மூக்கு நுனியிலும் லேசான நீலம் தட்டும். அதைக் கவனிக்காமல் வெறும் வெள்ளையைத் தொட்டு வைத்தால் மாவு பூசியது போலாகிவிடும். வெயிலில் வேர்த்த கறுத்த தோலின் மினுமினுப்பு மாநிறத்துக்கு வராது. அதை அழகு என்று தயங்காமல் வரைந்தது இளையராஜாவின் பெரிய காரியம்.

ரவிவர்மாவை நினைத்தால் இதன் அருமை இன்னும் புரியும். திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் வரைவதைப் பார்த்தே தைலவண்ணத்தின் நுட்பத்தைப் பிடித்துக்கொண்ட மேதை அவர். ஆனால் 1894-ல் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும் சிவந்த மேனியர். அந்த வழியில் வந்த காலண்டர் சாமிகள்தான் தங்கவயல் தொழிலாளர்கள் குடியிருந்த நம் லைன் வீட்டுச் சுவர்களிலும் தொங்கின. அவற்றின் கீழே உட்கார்ந்து அரிசி புடைத்த பெண்ணின் நிறத்தில் ஒரு தெய்வம்கூட இல்லை. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, தங்கச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக்கு உழைத்த குடும்பங்களின் நிறம் அது. கம்பெனிக் காலத்துப் புகைப்படங்களில் ஷாஃப்ட் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, வரிசையாக நிற்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்களின் முகத்தை அருகிலிருந்து எடுத்த ஒரு படத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

லைன் வீட்டுக்கு வெளிச்சம் வாசல் வழியாகத்தான் வரும். பிற்பகலில் வாசற்படியில் உட்கார்ந்து பேத்திக்குத் தலை பின்னும் கிழவியைப் பாருங்கள்: தெருப்பக்கத்து முகம் பளிச்சென்று, வீட்டுப்பக்கத்து முகம் இருட்டில். மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு குவிந்த சயனைடு மேட்டின் வெளிறிய மண்ணில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு வேறு ஊரில் இல்லாத ஒரு சாம்பல் தன்மை உண்டு. வெர்மீரின் டெல்ஃப்டும் இளையராஜாவின் கும்பகோணமும் தராத வெளிச்சம் இது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள்; அந்தத் தலைமுறைப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தங்கவயலில் தூரிகை பிடிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல ஆசை. கைபேசியில் பார்ப்பது போதாது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்கு ஒருமுறை போய் வாருங்கள். ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. அவர் வரைந்ததென்றே பலர் நினைக்கும் ‘விளக்கேந்திய பெண்’ணும் அங்கேதான் இருக்கிறாள், வரைந்தவர் எஸ்.எல். ஹல்தங்கர், அதுவும் நீர்வண்ணத்தில், 1940-களில். விரலிடுக்கில் சிவந்து கசியும் அந்தச் சுடரை எப்படிக் கொண்டுவந்தார் என்று கிட்ட நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே வரைந்து பாருங்கள், கை பழகும்வரை. பிறகு பாட்டியை வாசற்படியில் உட்காரச் சொல்லுங்கள்.

(தொடரும்)