கைப்பையைக் கைப்படத் தைக்கலாம்

கரோல்பாக் கடைத்தெருவில் மாலை வேளையில் நடக்கும் நம்மவர் எவரும் அந்தப் பைகளைப் பார்க்காமல் வர முடியாது. பாரிஸ், மிலான் கம்பெனிகளின் பெயர் பொறித்த பெண்கள் கைப்பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. விலையோ சில நூறு ரூபாய்; பேரம் பேசினால் இன்னும் குறையும். சம்பள வாரத்தில் ஒன்று வாங்கிப் போனால் வீட்டில் மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் மேல்பூச்சு செதில் செதிலாக உரிகிறது. கைப்பிடி பிய்ந்து கையோடு வருகிறது. காரணம், அது தோலே அல்ல. துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக்.

அதே மாதிரியான பையை அசல் தோலில் வீட்டிலேயே தைத்துக் கொள்ள முடியுமா? முடியும். பெரிய யந்திரம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

சேணத்தில் பிறந்த தையல்

2025 ஜூலையில் பாரிஸில் பழைய கைப்பை ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஹெர்மேஸ் கம்பெனி 1980-களில் நடிகை ஜேன் பர்கினுக்காகச் செய்து கொடுத்த முதல் பை அது. 86 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. நம் கணக்கில் 80 கோடி ரூபாய்க்கு மேல். பெயருக்குக் கிடைத்த விலைதான் அது. ஆனாலும் அந்தக் கம்பெனி 1837-ல் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது. சேணக்காரர்களின் தையலையே இன்றும் அங்கே பைகளுக்குப் போடுகிறார்கள்.

அதற்கு வேண்டியவை மெழுகு தடவிய ஒரே நூல், அதன் இரு முனைகளிலும் கோத்த இரண்டு மொட்டை ஊசிகள். ஒரே துளையில் ஓர் ஊசி முன்பக்கமிருந்தும், மற்றது பின்பக்கமிருந்தும் நுழையும். இரண்டையும் இழுத்து இறுக்கிவிட்டு அடுத்த துளைக்குப் போக வேண்டும். மிஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் அடுத்தடுத்து விட்டுப் போகும். இதில் ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் தாங்கிக் கொள்ளும்.

தோல் வாங்கும்போது

கரோல்பாக் ஹர்தியான் சிங் சாலையில் தோலும், ஜிப், பக்கிள், ரிவெட் முதலிய சாமான்களும் கிடைக்கும். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். பைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் பருமன் போதும். தோலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் நார் நாராக இருந்தால் தோல். துணியின் பின்னல் தெரிந்தால் ரெக்சின். மிருகத்தின் முதுகுப் பகுதி உறுதியானது, வயிற்றுப் பகுதி இழுபடும். கைப்பிடியையும் தோள்வாரையும் முதுகுப் பகுதியிலிருந்தே வெட்ட வேண்டும்.

கடைக்காரர் விரிக்கும் தோல் நம் ஆம்பூரிலோ, ராணிப்பேட்டையிலோ பதனிட்டதாக இருக்கலாம். தாவரப் பட்டைகளால் பதனிட்ட நம் பக்கத்துத் தோல் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் சீமைக்குக் கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல் சென்னை அடையாற்றில் அமைந்ததும் இந்தத் தொழிலின் பலத்தால்தான்.

வேலை முறை

முதலில் கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி, பழைய துணியில் ஒரு பை தைத்துப் பார்ப்பது நல்லது. துணியில் தவறினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான்; குண்டூசி குத்தினாலும் தடம் மறையாது. ஆகவே ஊசிக்குப் பதில் துணி உலர்த்தும் கிளிப் போதும்.

மடிக்க வேண்டிய ஓரங்களைப் பின்பக்கம் மெல்லியதாகச் சீவி, ரப்பர் பசை தடவி ஒட்ட வேண்டும். பசையின் நெடி தலை சுற்ற வைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளி உட்கார வேண்டும். பிறகு ஓரத்திலிருந்து சம தூரத்தில் கோடு கிழித்து, நான்கு மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட வேண்டும். தையலின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் வேண்டும். கடைசியில் இரண்டு மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு முடிக்க வேண்டும். வெட்டு ஓரங்களில் தேன்மெழுகு தேய்த்துத் துணியால் அழுத்தித் துடைத்தால் பளபளப்பு வரும்.

வீட்டுத் தையல் மிஷினில் ஓட்டினால் ஊசி முறியும். உள்துணிக்கு மட்டும் மிஷினை வைத்துக் கொள்ளலாம். தோல் வேண்டாம் என்ற குடும்பத்தார் கெட்டிக் கான்வாஸில் இதே முறையில் தைக்கலாம்.

பெயரைத் தொட வேண்டாம்

நாலு பைகள் தைத்துப் பழகியவருக்கு விற்கவும் ஆசை வரும். விற்கலாம், தவறில்லை. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரையைப் பொறித்து விற்றால் 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சில பைகளின் வடிவத்துக்கே பதிவு இருக்கக் கூடும். அழகைப் பார்த்துக் கற்றுக் கொள்ளலாம். அச்சாக நகல் எடுக்கக் கூடாது. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள் இதில் இரட்டை எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

தைத்தவர் யார்?

ஹர்தியான் சிங் சாலையை அடுத்த ரேகர்புரா, தோல் தொழில் செய்த ரைகர் சமூகத்தாரின் பெயரால் அமைந்த பகுதி. கரோல்பாக்கில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்தன. பக்கத்துத் தெருவுக்குள் போய் வந்தவர்கள் எத்தனை பேர்? நம் ஊரிலும் அதே கதைதான். தோலைத் தொட்டவரை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். அவர் தைத்த செருப்பை மட்டும் உள்ளே வர விட்டோம்.

ஒரு பையைத் தைத்து முடிக்கப் பல மாலை வேளைகள் ஆகும். விரல் கொப்புளிக்கும், முதுகு வலிக்கும். தையல் நேராக விழ எத்தனை பழக்கம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். அதன் பிறகு, தெருமுனையில் உட்கார்ந்து அறுந்த வாரைத் தைத்துக் கொடுக்கும் தொழிலாளியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேச யாருக்கும் வாய் வராது.