மின்னோட்டம் தானே அலைவது ஏன்?

திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்று, நாம் குளிக்கக்கூடிய சூடே உடையது. அவ்வெப்பநிலையில் வனேடியமீரொட்சைட்டுப் பளிங்கின் தடை உயர்வாக இருக்கும். கொதிநீரின் வெப்பநிலையிலோ தடை ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் குறைந்துவிடும். ஏறத்தாழ 68 பாகை செல்சியசில் இது குறைகடத்தி நிலையிலிருந்து உலோக நிலைக்கு மாறுவதே காரணம். இதனை 1959 இல் மொறின் என்பவர் வெளியிட்டார்.

இப்பளிங்குக்குச் சமாந்தரமாகக் கொள்ளளவியையும் தொடராகத் தகுந்த தடையியையும் இணைத்து, நேரோட்ட வழங்கலைக் கொடுத்தால்:

1. கொள்ளளவி ஏற்றம் பெறும். பளிங்கில் ஓட்டம் கூடி அது வெப்பமடையும்.
2. மாறும் வெப்பநிலையை அடைந்ததும் தடை சடுதியாகக் குறையும். கொள்ளளவி பளிங்கினூடாக இறக்கமடையும்.
3. ஓட்டம் குறைய, பளிங்கு குளிர்ந்து தடை மீண்டும் கூடும்.

இது திரும்பத் திரும்ப நிகழ்வதே அலைவு.

பளிங்கின் சிறு பகுதிகள் யாவும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. அதனால் ஓட்டத்தில் எழுமாறான சிறு ஏற்ற இறக்கங்கள் தோன்றும். இது மின்னிரைச்சல். சில நிலைமைகளில் அலைவே ஒழுங்கிழக்கும். இது குழப்ப அலைவு.

கவனிக்க: குழப்ப அலைவு விதிக்கு உட்பட்டதே. ஆயினும் தொடக்கத்திலுள்ள மிகச்சிறு வேறுபாடும் பின்னர் பெரிதாவதால், நீண்டநேர நடத்தையை முன்கூற முடியாது.

வினா: வழங்கல் அழுத்தம் மாறாதபோதும் ஓட்டம் மாறுவது ஏன்?

விடை: ஓமின் விதி பொருந்த வெப்பநிலை மாறாதிருத்தல் வேண்டும். இங்கு ஓட்டமே வெப்பநிலையை மாற்ற, வெப்பநிலை தடையை மாற்றுகிறது. விடையெழுதும்போது “வெப்பநிலை மாறாதிருக்க” என்பதை விட்டுவிடாதீர்கள்.