சுண்டுவிரல் பருமனில்

சாலையில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவரைக் கண்டால், அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்போம். நல்ல மனம்தான். ஆனால் அவருடைய கழுத்து முள்ளெலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு தூக்கலில் எலும்பு விலகி உள்ளே இருக்கும் தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். நான்கு பேர் சேர்ந்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் மெல்லப் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும்.

தண்டுவடம் ஏறக்குறைய 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன். அதிலிருந்து பிரியும் 31 ஜோடி நரம்புகளும் உடம்பைப் பட்டை பட்டையாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் மருத்துவர் பஞ்சையும் ஊசிமுனையையும் வைத்துக்கொண்டு, கழுத்திலிருந்து கீழ்நோக்கி, “தெரியுதா? கூர்மையா இருக்கா?” என்று அங்குலம் அங்குலமாகக் கேட்டுக்கொண்டே போகிறார். முலைக்காம்பு மட்டம் மார்புப் பகுதியின் 4ஆவது நரம்பு, தொப்புள் 10ஆவது. உணர்ச்சி எங்கே நிற்கிறதோ, அதுவே காயத்தின் முகவரி. கடைசியாகச் சோதிப்பது ஆசனவாயை. கூச்சம் தரும் சோதனைதான். ஆனால் அங்கே லேசான உணர்ச்சி மிஞ்சியிருந்தாலும் தண்டுவடம் முழுவதும் துண்டிக்கப்படவில்லை என்று பொருள். தேறுவதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

கையில் அறுபட்ட நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளர்ந்துவிடும். தண்டுவட நரம்பு ஏன் வளர்வதில்லை? 1980களின் தொடக்கத்தில் மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு, எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றை அதன் தண்டுவடத்தில் பாலமாக வைத்துத் தைத்தது. வளரவே வளராது என்று கைவிடப்பட்ட தண்டுவட இழைகள் அந்தப் பாலத்துக்குள் சில சென்டிமீட்டர் வளர்ந்தன. மறுமுனையில் மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. அங்குள்ள உறைப்பொருளில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருப்பது பிறகு தெரியவந்தது. இழைக்கு வளரத் தெரியும், சுற்றியிருப்பவைதான் விடுவதில்லை. இதைப் படித்த நாளிலிருந்து இந்த ஆராய்ச்சியின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை.

வீட்டில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மார்பின் 6ஆவது நரம்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை, ரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏற்றம். காரணம் பெரும்பாலும் சிறுநீர் வடியப் பொருத்திய குழாயில் விழுந்த ஒரு மடிப்பு! நிரம்பிய சிறுநீர்ப்பை எழுப்பும் கூக்குரல் மூளைக்கு எட்டாமல், கீழேயே ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. நிமிர்த்தி உட்காரவைத்து மடிப்பை எடுத்துவிட வேண்டும். குறையாவிட்டால் உடனே மருத்துவமனைக்கு. வெறும் தலைவலி என்று மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம்.

இப்படிப்பட்ட வாழ்க்கைக்குச் சட்டம் எப்படி விலை போடும்? ஊனம் இத்தனை சதவீதம் என்ற சான்றிதழோடு கணக்கு முடிவதில்லை. 2010இல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் சம்பாதிக்கும் திறனில் அநேகமாக 100 சதவீதமும் போயிற்று; அரசு எழுத்தர் என்றால் வேலையே போகாமலிருக்கலாம். வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸுக்கு 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. கைகள் நன்றாக இருந்ததால், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அதே உயரத்தில் அடிபட்ட கொத்தனார் இனிச் சாரத்தில் ஏற முடியாது. ஆகவே இழப்பீட்டு மனுவில் காயத்துக்குப் பக்கத்தில் தொழிலையும் விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

மனுவை, குடியிருக்கும் ஊரின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் என்ற விதி 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. தண்டுவடக் காயத்தில் அந்த மாதங்கள் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே கரைந்துவிடும். உறவினர் யாராவது ஒருவர் அன்றே இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது. வேலையிடத்தில் விழுந்தவருக்கு வழி வேறு; 2025 நவம்பர் வரை அது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக இருந்தது.

பலரும் கேட்க மறப்பது, கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கான செலவு. 2020இல், 12 வயதில் விபத்தில் சிக்கிப் படுக்கையிலேயே கிடக்கும்படி ஆன ஒரு சிறுமியின் வழக்கில், இரண்டு உதவியாளருக்கு மாதம் 10,000 ரூபாய் எனக் கணக்கிட்டு, 18 ஆண்டுப் பெருக்கத்தில் 21,60,000 ரூபாயை உச்ச நீதிமன்றம் அந்த ஒரு தலைப்பில் மட்டும் வழங்கியது. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் அம்மாவின் உழைப்பும் அந்தத் தலைப்பில்தான் வரும்.